அண்ணனுக்கு மூளையில் கருவி வைக்கலாமா? நிலத்தை விற்பதற்கு முன்னால் கேட்கிறேன்

ரேஷன்கடை செல்வி, கோவில்பட்டி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

என் அண்ணனுக்கு 43 வயசு. பஸ் ஸ்டாண்டு பின்னாடி டூவீலர் ஒர்க்‌ஷாப் வச்சிருந்துச்சு. வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தத்தை வச்சு டைமிங் செயின் தளர்ந்துருக்குன்னு சொல்லிரும். 9 வருஷமா டிப்ரஷன். வரும், போகும். கடைசி ரெண்டு வருஷமா போகவே இல்ல. சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடக்கு. காலையில அது பிரஷ்ஷை நான் தொட்டுப் பார்ப்பேன், காஞ்சே இருக்கும். கடையைக் காலி பண்ணி அட்வான்ஸையும் வாங்கியாச்சு. ஸ்பேனர் செட்டை மட்டும் விக்க விடாம அம்மா கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிருக்கு.

நான் ரேஷன் கடையில விற்பனையாளர். அரிசி, சீனி, பருப்புக்கு இருப்பு எழுதிப் பழகின கை. அதனால அண்ணன் மாத்திரைக்கும் ஒரு 200 பக்க நோட்டு போட்டுருக்கேன். தேதி, வரவு, செலவு, இருப்பு. எஸிடலோபிராம், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின், மிர்டாசபின், அமிட்ரிப்டிலின், நடுவுல லித்தியம், க்வெடியாபின் எல்லாம் அதுல வந்துட்டுப் போயிருக்கு. மூணு டாக்டர் மாறியாச்சு. ரெண்டு தடவை ஷாக் ட்ரீட்மென்ட், 2021ல 8, 2023 கடைசியில 9. முதல் தடவை முடிச்சுக் கூட்டிட்டு வரும்போது டீக்கடை முன்னால நின்னு "வடை சூடா இருக்கா?"ன்னு கேட்டுச்சு. நானும் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அது தானா ஒண்ணு கேட்டு அவ்வளவு நாளாகியிருந்துச்சு. ரெண்டு மூணு மாசம் நல்லாருந்துச்சு. அப்புறம் பழையபடி சுவரு. ரெண்டாவது தடவையும் அதே கதைதான்.

இப்ப சென்னையில இருக்கிற சித்தப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கான். மூளைக்குள்ள கம்பி வச்சு, நெஞ்சுல பேட்டரி வச்சு, சுவிட்சைப் போட்டதும் ஒரு அம்மா சிரிக்குது. விசாரிச்சதுல 12 லட்சம் வரை ஆகும்னு சொல்றான். எட்டயபுரம் ரோட்டுல 40 சென்ட் கரிசல் இருக்கு, வித்துரலாம்னு அம்மா சொல்லுது. போன வாரம் அண்ணன் "நான் இல்லைன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி"ன்னு சொல்லுச்சு. அதுல இருந்து அம்மா தூங்கல.

இது நிஜமா? டிப்ரஷனுக்கு இதைச் செய்றாங்களா? வச்சா அண்ணன் எந்திரிச்சு ஒர்க்‌ஷாப்புக்குப் போகுமா? தெரிஞ்சவங்க மட்டும் சொல்லுங்க.

---

முத்துராஜ் 68

மூளையிலெல்லாம் கை வைக்காதீங்க தாயி. மாத்திரையை எல்லாம் ஒரு மண்டலம் நிறுத்திட்டு குலதெய்வம் கோயில்ல ராத்தங்கல் போட்டுப் பாருங்க. எங்க மைத்துனருக்கு அப்படித்தான் சரியாச்சு.

---

ஓடி சிஸ்டர், சென்னை

முத்துராஜ் அண்ணாச்சி, ராத்தங்கல் போடட்டும், நல்லதுதான். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீங்க. செல்வி, நீங்களா எதையும் நிறுத்திராதீங்க.

நான் மூளை நரம்பு அறுவை ஓடியில், அதாவது ஆபரேஷன் தியேட்டரில், 14 வருஷமா இருக்கேன். நீங்க வீடியோவில் பார்த்ததுக்குப் பேர் டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன், நாங்க டிபிஎஸ்னு சொல்வோம். எங்க ஓடியில் செய்றது பார்கின்சன்ங்கிற நடுக்க நோய்க்கு. டிப்ரஷனுக்கு நான் ஒண்ணுகூடப் பார்த்ததில்ல. அதை முதல்லயே சொல்லிடுறேன்.

எப்படிச் செய்றாங்கன்னா, காலையிலேயே தலையைச் சுத்தி ஒரு உலோகச் சட்டம் மாட்டி, மரத்துப்போக ஊசி போட்டு நாலு இடத்தில் திருகுவோம். அந்தச் சட்டத்தோட சிடி எடுத்து, முந்தி எடுத்த எம்ஆர்ஐ படத்தோட பொருத்தி, மில்லிமீட்டர் கணக்கா இடம் குறிப்பாங்க. மண்டையோட்டில் சுமார் 14 மில்லிமீட்டர் துளை, பக்கத்துக்கு ஒண்ணு. உள்ளே போற கம்பி சேமியா தடிமன்தான். அதன் நுனியில் நாலு உலோக வளையம். மறுமுனை காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் இறங்கி, காறை எலும்புக்குக் கீழே வைக்கிற பேட்டரியில் போய்ச் சேரும். பேட்டரி வைக்கிறப்ப முழு மயக்கம் கொடுப்போம். கம்பி வைக்கும்போது பெரும்பாலும் நோயாளி முழிச்சிருப்பார். துளை போடுற சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்கும், அதுதான் எல்லாரையும் பயமுறுத்துறது. வலி கிடையாது. நூத்தில் ஒண்ணு ரெண்டு பேருக்கு மூளையில் ரத்தம் கசியலாம், கிருமி தொற்றினா கருவியையே கழற்ற வேண்டிவரும்.

1987ல பிரான்ஸில் கிரெனோபிள் ஊர்ல அலிம் லூயி பெனபித்ங்கிற டாக்டர் குழு நடுக்கத்துக்கு இந்த முறையைக் கொண்டுவந்தது. பார்கின்சன் ஆளுக்கு சரியான வளையத்தில் கரண்டைக் கொடுத்தா நம்ம கண் முன்னாலயே கை நடுக்கம் நிக்கும். சுருள் கோலம் மாதிரி வரையச் சொல்வோம். கரண்ட் இல்லாம வரைஞ்சது கோழி கிளறின மாதிரி இருக்கும், கொடுத்ததும் சுருள் சுருளா வரும். எனக்கு இன்னும் அது அலுக்கல. மன நோய்க்கு அப்படி ஒரு கோலம் கிடையாது. கரண்டைக் கூட்டணுமா, குறைக்கணுமா, எந்த வளையம்னு தெரிய வாரக்கணக்கில் காத்திருக்கணும். உங்க வீடியோவில் அந்த அம்மா சிரிச்ச நிமிஷம் பொய்யா இருக்காது. அடுத்த ஆறு மாசத்தை யாரும் வீடியோ எடுக்கறதில்ல, அவ்வளவுதான்.

எங்க டாக்டர் ஒருநாள் விளக்கினதை எழுதுறேன். ஹெலன் மேபெர்க்னு ஒரு நரம்பியல் டாக்டர், கடும் மனச்சோர்வில் இருக்கிறவங்க மூளையில் 25ஆம் பகுதின்னு ஒரு சின்ன இடம் அளவுக்கு மீறி வேலை செய்யுது, நோய் தணியும்போது அதுவும் தணியுதுன்னு ஸ்கேன்ல கண்டாங்க. நெற்றிக்குப் பின்னால், நடுக்கோட்டை ஒட்டி, ஆழத்தில் இருக்கிற இடம் அது. கனடாவில் ரொறன்ரோவில் ஆந்திரேஸ் லொசானோங்கிற சர்ஜன் அங்கே கம்பி வச்சார். 2005ல வெளியிட்ட முதல் கணக்கில் 6 பேர், ஆறு மாசம் கழிச்சு 4 பேருக்கு நல்ல முன்னேற்றம். உலகமே துள்ளிக் குதிச்சுது.

அப்புறம் அமெரிக்காவில் 90 பேருக்குக் கருவி வச்சு, யாருக்கு ஆன், யாருக்கு ஆஃப்னு யாருக்கும் சொல்லாம ஆறு மாசம் பார்த்தாங்க. கரண்ட் போனவங்களில் 20 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். கரண்டே போகாதவங்களில் 17. ஆய்வை நடுவிலேயே நிறுத்திட்டாங்க. ஆனா பிறகு எல்லாருக்கும் கரண்டைக் கொடுத்துத் தொடர்ந்து பார்த்ததில், ரெண்டு வருஷத்தில் கிட்டத்தட்ட பாதிப் பேர் தேறியிருந்தாங்க. ஆறு மாசம் போதாதா, இடம் சரியா அமையலையா, காத்திருந்ததாலே தேறினாங்களா? அந்தச் சண்டை இன்னும் ஓயல. இப்ப எல்லாருக்கும் ஒரே புள்ளியில் குத்தாம, அவங்கவங்க மூளையில் நரம்பு நார்கள் சேர்ற சந்திப்பைப் படம் பிடிச்சுப் பார்த்து வைக்கிறாங்க. 2023ல வந்த ஒரு ஆய்வில் 10 பேரில் 9 பேர் ஆறு மாசத்துக்குள்ள தேறினாங்க. சின்னக் கணக்கு, ஒப்பிட ஆஃப் கூட்டமும் அதில் இல்ல.

இவ்வளவு ஆராய்ச்சி நடந்த அமெரிக்காவிலேயே இதை டிப்ரஷனுக்கான வழக்கமான சிகிச்சையா ஏத்துக்கிட்டது கிடையாது, ஆய்வாத்தான் நடக்குது. ஆய்வுக்கு நோயாளிகிட்ட 12 லட்சம் கேட்க மாட்டாங்க. யாராவது விலை சொன்னா அங்கேயே எந்திரிச்சு வந்துடுங்க.

---

ஸ்காபரோ அக்கா

தங்கச்சி, எனக்குச் சொந்த இடம் பருத்தித்துறை, இப்ப ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில இருக்கிறன். நீங்கள் கேக்கிற கருவி என்ர நெஞ்சுக்குள்ள இருக்கு, அதாலதான் எழுதுறன். எந்த ஆய்வு, எந்த ஆஸ்பத்திரி எண்டு கேக்காதேங்கோ.

ஒப்பரேசன் நடக்கேக்க முழிச்சுத்தான் இருந்தன். ஒவ்வொரு முனையாப் போட்டுப் பாத்தினம். எப்ப போடினம், எப்ப நிப்பாட்டினம் எண்டு சொல்லேல்லை. "ஏதும் வித்தியாசம் தெரியுதோ?" எண்டு கேட்டுக்கொண்டே இருந்தினம். இல்லை, இல்லை, இல்லை. பிறகு ஒருக்கா, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட நேர்ஸ் பிள்ளையிட்ட "உங்கட பேர் என்ன?" எண்டு கேட்டிட்டன். அவ்வளவுதான் நடந்தது. ஆனா அதுக்கு முதல் நாலு வருசமா நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேட்டதில்லை. உங்கட அண்ணா வடை சூடோ எண்டு கேட்டதை வாசிக்க எனக்கு மயிர் கூச்செறிஞ்சது. உதுதான் அது. கரண்டை நிப்பாட்டின உடன அந்த ஆவலும் போட்டுது.

வீட்டை வந்தா ஒரு மாற்றமும் இல்லை. ஒரு மாசம், ரெண்டு மாசம். மனுசன் ஒண்டும் கதைக்க மாட்டார், ஆனா காலமை என்ர முகத்தைத்தான் பாப்பார். மூண்டாம் மாசம் ஒருநாள் கறியில உப்புக் காணாது எண்டு சொல்லி எழும்பிப் போய்ப் போட்டன். போட்டு முடிச்ச பிறகுதான் எழும்பினது விளங்கினது.

அதுக்குப் பிறகு சந்தோசம் வந்தது எண்டு நினைக்காதேங்கோ. வந்தது கோவம். என்ர மகள் ஐஞ்சு வயசில இருந்து ஒன்பது வயசு மட்டும் எப்பிடி இருந்தவள் எண்டு எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை. படத்தில பாக்கிறன், ஆரோ ஒரு பிள்ளை மாதிரி. மனுசன் நாலு வருசம் சமைச்சு, உடுப்புத் தோய்ச்சு, எல்லாம் தன்ர கையில எடுத்திட்டார். நான் குசினிக்குள்ள போனா "நீர் இரும், நீர் இரும்" எண்டுவார். ஒருநாள் ஒரு அகப்பைக்காகக் கத்திச் சண்டை பிடிச்சம். கருவி பாரத்தை இறக்கி வைக்கும், பிள்ளை. இறக்கின பிறகு நடக்கிறதுக்கு வேற ஆக்கள் வேணும். எங்களுக்கு ஒரு வருசத்துக்கு மேல கிழமைக்கொருக்கா கவுன்சிலிங். குளிசையும் விடேல்லை, இப்பவும் போடுறன்.

பற்றரிக் கதையையும் கேளுங்கோ. ஒரு பனிக்காலம் பற்றரி முடிஞ்சு போனது எங்களுக்குத் தெரியாது. சத்தம் வராது, லைற் எரியாது. ரெண்டு கிழமைக்குள்ள நான் திரும்பவும் கட்டில். தேத்தண்ணியை ஆறவிட்டிட்டு அப்பிடியே பாத்துக்கொண்டு இருக்கிறன் எண்டு மனுசன்தான் பிடிச்சவர். செக் பண்ணினா கருவி செத்துக் கிடக்கு. புதுசு வைக்கிறதுக்கு ஆர் காசு குடுக்கிறது எண்டு பிறகு பெரிய இழுபறி. ஆய்வு எப்பவோ முடிஞ்சுது, அவை இவையைக் கைகாட்ட, இவை அவையைக் கைகாட்ட, நான் கட்டிலில. இப்ப சார்ஜ் பண்ணுற பற்றரி. கிழமைக்கொருக்கா தோளில பட்டி மாதிரிக் கொழுவிக்கொண்டு தமிழ் ரேடியோ கேக்கிறன். எயார்போட்டில கார்ட்டைக் காட்டிப் பக்கத்தால போறன்.

எனக்கு வைச்சது பிழை எண்டு சொல்ல மாட்டன். என்ர மகளின்ர பட்டமளிப்புக்குப் போனன். ஆனா காணியை வித்துச் செய்யிற விசயம் இது இல்லை.

---

மனநல மருத்துவன் (பெயர் வேண்டாம்)

செல்வி, முதலில் அவசரமானது. "நான் இல்லையென்றால் நிம்மதி" என்று உங்கள் அண்ணன் சொன்னதை அவருடைய மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள், அடுத்த முறை போகும்போது சொல்லலாம் என்று வைக்க வேண்டாம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அண்ணனிடமே நேராகக் கேட்கலாம், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். மாத்திரை மொத்தமும் உங்கள் பூட்டுக்குள் இருக்கட்டும். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 96ஆம் பிரிவின்படி, மன நோய்க்காக மூளையில் அறுவை செய்ய நோயாளியே புரிந்து சம்மதிக்க வேண்டும், மனநல மறுஆய்வு வாரியமும் அனுமதிக்க வேண்டும். அம்மாவோ நீங்களோ கையெழுத்துப் போட்டு நடத்தக்கூடியது இல்லை.

எனக்கு உங்கள் நோட்டுதான் முக்கியமாகப் படுகிறது. "எல்லா மாத்திரையும் பார்த்தாச்சு" என்று வருகிற குடும்பங்களில், எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராமில் எத்தனை வாரம் என்று சொல்லக்கூடியவர்கள் அபூர்வம். போதுமான அளவில் ஆறு முதல் எட்டு வாரமாவது போகாத மாத்திரையைத் தோற்றதாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஷாக்கில் அண்ணன் இரண்டு முறையும் தேறியிருக்கிறார். டிபிஎஸ் ஆய்வுகளுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பல மாத்திரைகளிலும் தேறாதவர்கள், பலர் ஷாக்கிலும் நிலைக்காதவர்கள். உங்கள் அண்ணனுக்கு அது வேலை செய்தது. வந்த பலனைப் பிடித்து வைக்க என்ன செய்தார்கள்? 2001இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஷாக்கில் தேறியவர்களுக்குப் பிறகு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்தபோது ஆறு மாதத்துக்குள் 84 சதவீதம் பேர் மறுபடி விழுந்தார்கள். நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தவர்களில் 60. அதோடு லித்தியமும் சேர்த்தவர்களில் 39. மாத்திரையோடு ஷாக்கையே வாரம் ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று இடைவெளி விட்டுத் தொடர்வதும் உண்டு.

எனவே கேள்விகள்: ஷாக்குக்குப் பிறகு என்ன மாத்திரை, எத்தனை நாள்? தொடர் ஷாக் பற்றி யாராவது பேசினார்களா? லித்தியம் கொடுத்தபோது ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தார்களா? தைராய்டு? ஒன்பது வருடத்தில் எப்போதாவது தூக்கமே இல்லாமல் சுறுசுறுப்பாக, கையில் காசு நிற்காமல், ஊரையே வாங்கப்போகிற மாதிரி ஒரு வாரம் இருந்ததுண்டா? இருந்தால் அது வேறு நோய், மருந்தும் வேறு. தலைக்கு மேல் காந்தம் வைக்கும் டிஎம்எஸ், கெட்டமின் என்ற மயக்க மருந்து இரண்டும் இதற்குப் பிறகுதான். மண்டையைத் துளைப்பது இந்த எல்லாவற்றுக்கும் பிறகு.

---

ரேஷன்கடை செல்வி, கோவில்பட்டி

எல்லாருக்கும் நன்றி. 14416க்கு நேத்து ராத்திரியே போட்டேன். ஒரு பொண்ணு பொறுமையா அம்மாகிட்டயும் பேசுச்சு. டாக்டர்கிட்டயும் போன்ல சொல்லியாச்சு, வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒத்திப்போடாம நாளைக்கே வரச் சொல்லிட்டாரு. மாத்திரை டப்பா இப்ப என் பீரோவுல.

அண்ணன்கிட்ட நேராவே கேட்டேன். கேக்கறதுக்கு முன்னால எனக்குத்தான் வாய் உலர்ந்துபோச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு "சில நாள் தோணும், இன்னைக்கு இல்ல"ன்னுச்சு. அதையும் டாக்டர்கிட்ட சொன்னேன்.

அப்புறம் நோட்டை எடுத்து உக்காந்தேன். 2021ல ஷாக் முடிஞ்சப்புறம் எஸிடலோபிராம் 10 மட்டும்தான், வேற ஒண்ணும் இல்ல. மாசாமாசம் ஷாக்குன்னு ஒண்ணு இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது. அமிட்ரிப்டிலின் 25க்கு மேல போகவே இல்ல, அதுவும் 24 நாள். 2023ல ஷாக் முடிஞ்சு லித்தியம் எழுதினாங்க, 300, ரெண்டு வேளை. வரவு 60. தினம் ரெண்டு ரெண்டா 19 நாள் செலவு. அப்புறம் மூணு பக்கத்துக்கு இருப்பு 22, இருப்பு 22ன்னே இருக்கு. ஓரத்துல சின்னதா எழுதியிருக்கேன்: "கை நடுக்கம், நிறுத்தியாச்சு."

டாக்டர் நிறுத்தச் சொல்லல. அடுத்த தடவை போனப்ப அவர்கிட்ட சொல்லவும் இல்ல. நான்தான். ஸ்பேனர் பிடிக்கிற கை நடுங்குதேன்னு. ரத்த டெஸ்ட் எடுத்த தேதி ஒண்ணுகூட நோட்டுல இல்ல.

சுறுசுறுப்பா ஊரையே வாங்குற மாதிரி இருந்ததான்னு கேட்டிருந்தீங்க. அப்படி இல்ல சார். எங்க அண்ணன் நல்லா இருந்தப்பவே நிதானம்தான்.

நிலத்தை விக்கலன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். அண்ணன்கிட்டயும் மறுபடி ஷாக் பத்தி டாக்டர் பேசலாம்னு சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே "மொத்தம் எத்தனை ஆச்சு?"ன்னு கேட்டுச்சு. 17ன்னேன். "சரி"ன்னுச்சு. நோட்டு பையில எடுத்து வச்சாச்சு. காலையில 6 மணி பஸ்சு.

ஸ்காபரோ அக்கா, அந்த நர்ஸ் பொண்ணு பேரு என்ன சொல்லுச்சு?

---

ஸ்காபரோ அக்கா

பேர் மறந்துபோனன், பிள்ளை. பிலிப்பீன்ஸ் பிள்ளை. அண்டைக்கு அவவுக்கு டபுள் ஷிஃப்ட் எண்டு சொன்னவ.